கோழிப் பெட்டிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டேகால். சிவகாசி, திருத்தங்கல் ரோட்டில் ஒரு பிரிண்டிங் கம்பெனி வாசல். வண்டி என்னுடையது. இங்கிருந்து மதுரை பைபாஸ் ரோட்டுக் கோழிக்கடை வரை எழுபத்தைந்து கிலோமீட்டர். போக ஒன்றரை மணி நேரம்.

இந்தப் பயணம் பல தடவை போயிருக்கிறேன். எழுதப்போவது அதில் ஒரு தடவையை. போய்ச் சேராத தடவை.

சவாரிக்காரர் பெயர் பாவெல். செக் நாட்டுக்காரர். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய மிஷினை மாட்டிக் கொடுத்து, நம்ம ஆட்களுக்குச் சொல்லியும் கொடுக்க ஆறு மாதத்துக்கு வந்தவர். சித்திரையில் வந்தார். வெயிலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று.

தமிழை மிஷின் ரூமில் கற்றுக்கொண்டார். மை போடு, நிறுத்து, ஓட்டு, லோடு, சாப்பிட்டீகளா. இவ்வளவுதான் முதல் மாதம். அங்கே எல்லாரும் எல்லாரையும் ஏலே என்றுதான் கூப்பிடுவார்கள். இவரும் அப்படியே பிடித்துக்கொண்டார். ஒருநாள் முதலாளி உள்ளே வந்தபோது, "ஏலே மொதலாளி, மை போடு" என்றார். மிஷின் ரூமில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்து அவரே மை போட்டார். என்னை மட்டும் அண்ணாச்சி என்பார். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியாது.

மற்றதெல்லாம் போனில். அவர் பாஷையில் பேசுவார், போன் தமிழில் சொல்லும். போன் பேசும் தமிழ் ரேடியோ செய்தி மாதிரி இருக்கும்.

கோழிக்கடை விஷயம் அப்படித்தான் தெரிந்தது. கடைப் பெயர் வேண்டாம். சிவப்புப் பலகை. உலகம் பூராவும் இருக்கிறதாம். முதல் இரண்டு வாரம் நான் வண்டியிலேயே இருந்தேன். மூன்றாவது வாரம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஏ.சி. அதிகம். நாற்காலி தரையோடு திருகி வைத்திருக்கிறது, நகராது. பெட்டி ஒன்று இருநூற்று அறுபது ரூபாய். கோழி மேலே மொறுமொறுப்பு, உள்ளே உப்பு. காரம் இல்லை. போன வாரம் என்ன ருசியோ அதே ருசி. அடுத்த வாரமும் அதேதான்.

முதலில் நான் நினைத்தது, நம்ம ஊர் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று. அப்படியும் இல்லை. கம்பெனி மெஸ்ஸில் சாம்பார் ஊற்றி மூன்று தடவை சோறு வாங்குகிறவர். பிறகு எதற்கு ஒரு பெட்டிக் கோழிக்குப் போக வர நூற்றைம்பது கிலோமீட்டர்?

மகளுக்காக. பெயர் ஹனா. வயசு ஏழு. தாய் இல்லை. அவர் அக்கா வீட்டில் இருக்கிறாள். ஊரில் இருக்கும்போது ஞாயிறு மதியம் அப்பாவும் மகளும் அந்தக் கடையில்தான் சாப்பிடுவார்களாம். இங்கே கிளம்பும்போது பிள்ளை விடவில்லை. அந்தக் கடை அங்கேயும் இருக்கிறது, ஞாயிறு அதே நேரத்துக்கு அதே பெட்டியை வாங்கி உன்னோடு சாப்பிடுவேன் என்று சொல்லிவிட்டார். போனில் மேப் பார்த்துச் சொன்னது. மேப்பில் மதுரையும் சிவகாசியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

பிள்ளை ஒரு நிபந்தனை போட்டாள். ஒரு ஞாயிறு தவறினால் மறுநாளே ஊருக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். கையடித்துச் சத்தியம். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

நமக்கு மணி நான்கு. அவர்களுக்கு மதியம் பன்னிரண்டரை. இவர் மதுரையில் போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பார். அவள் அங்கே கடையில் அத்தையோடு இருப்பாள். இரண்டு பேரும் பெட்டியைக் காட்டுவார்கள். மூடியைத் திறப்பார்கள். அவள் அவள் பாஷையில் மூன்று எண்ணுவாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடிப்பார்கள். அவ்வளவுதான். அதற்குத்தான் எழுபத்தைந்து கிலோமீட்டர்.

அது ஆடி மாதம். தீபாவளிப் பட்டாசு லேபிள் லோடு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறும் வேலை. இரண்டேகாலுக்கு வர வேண்டியவர் இரண்டரை ஆகியும் வரவில்லை. வாட்ச்மேன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, மிஷின் நீல மையை மட்டும் படத்தை விட்டுத் தள்ளித் தள்ளி அடிக்கிறது, சார் அதற்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்கிறார் என்றார். லேபிள் திங்கள் காலையில் போயாக வேண்டும். அவர் அதை விட்டுவிட்டு வர முடியாது. அவரை விடவும் மாட்டார்கள்.

பேஸ்டிங் செக்ஷன் முத்துலட்சுமி பசைக் கையைக் கழுவக் குழாய்க்கு வந்தாள். பெட்டி ஒட்டுகிற வேலை. இருபது வருஷமாக ஒட்டுகிறாள். ஹனா போட்டோவை அங்கே பார்க்காதவர்கள் கிடையாது.

"என்ன மாரியப்பண்ணே, இன்னும் கெளம்பலயா?"

மிஷின் கதையைச் சொன்னேன். மூன்று மணிக்கு எடுத்தால் நாலரைக்குத்தான் போகும் என்றேன்.

"அப்ப அந்தப் புள்ள அங்கன பெட்டியத் தெறந்து வச்சுட்டு ஒக்காந்திருக்கும்."

"ஆமா."

கையை முந்தானையில் துடைத்தாள். "கோழி எங்கனயும் கெடைக்கும். பெட்டி நம்மகிட்டயே இருக்குல்ல."

உண்மைதான். போன மாதம் அந்தக் கடைக்கு, வேறு ஏதோ தேசத்துக்கு, பெட்டி இங்கேதான் ஓடியது. நல்ல அட்டையெல்லாம் எண்ணிக் கட்டிப் போய்விட்டது. வேஸ்ட் மட்டும் கிடந்தது. பிரிண்டிங்கில் வேஸ்ட் அட்டையை உடனே தூக்கிப் போட மாட்டார்கள். அடுத்த வேலைக்குக் கலர் சரியாக விழுகிறதா என்று பார்க்க அதையே திரும்ப மிஷினில் விடுவார்கள். ஒரே அட்டையில் மூன்று நான்கு வேலை ஒன்று மேல் ஒன்றாக விழுந்திருக்கும். கோழிப் பெட்டி மேல் காலண்டர், காலண்டர் மேல் மத்தாப்பு. கடைசியில் எடைக்குப் போகும்.

முத்துலட்சுமி அதில் ஒரு கட்டு தூக்கிக்கொண்டு வந்து குழாயடியில் உட்கார்ந்து புரட்டினாள். முதல் அட்டையில் முருகன். இரண்டாவதில் லட்சுமி, பாதி. மூன்றாவதில் மாரியம்மன் முழுசாக இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றித் தனியாக வைத்தாள்.

எதையாவது ஒன்றை எடு, பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்றேன்.

"சாமி மேல கோழிய வைக்கச் சொல்றீகளா? ஆடி மாசத்துல? பெறகு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நீங்கதான் நடக்கணும்."

அவள் புரட்டிக்கொண்டே இருந்தாள். காலண்டர் சீசன் தொடங்கிவிட்டது, எல்லாவற்றிலும் சாமி. சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார். பார்க்காத மாதிரி போய்விட்டார். கட்டின் அடியில் ஒன்று கிடைத்தது. சாமி இல்லை. கம்பி மத்தாப்பு லேபிள் விழுந்திருந்தது. கவுன் போட்ட பொண்ணு ஒன்று கையில் மத்தாப்பு பிடித்திருக்கிற படம். மூடி விழும் இடத்தில் அவள் முகம் சரியாக வந்திருந்தது. மத்தாப்புப் பொறி ஓரத்தில் வெட்டுப்பட்டுப் பாதிதான் இருந்தது.

கோடு பார்த்துக் கத்திரியால் வெட்டினாள். மடித்தாள். பசை தடவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், ஒட்டட்டும் என்று. பிறகு முன் சீட்டில் வைத்தாள். "போய்ச் சேந்தா தூரப் போட்ருங்க" என்றாள்.

மூன்று மணி ஐந்து நிமிடம். பாவெல் வந்து ஏறினார். நகத்தில் நீல மை. "அண்ணாச்சி, போவமா?" என்றார்.

திருத்தங்கல் தாண்டினால் இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைகள். தள்ளுபடி போர்டு பெரிதாக, கடை சிறிதாக. அதையும் தாண்டினால் கருவேலம், வெட்டவெளி, ஆடிக் காற்று. வண்டியையே ஒரு பக்கமாகத் தள்ளும். வேகமாகப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. சொன்னாலும் நான் எண்பதுக்கு மேல் போக மாட்டேன். பட்டாசு லோடு ஓட்டிய காலத்துப் பழக்கம். ஆமத்தூரில் ஒரு டிராக்டர் வழி விடவில்லை. ஹாரன் அடித்தேன். அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மூன்று முப்பத்தைந்து. விருதுநகர். நான்கு வழிச் சாலைக்கு வந்துவிட்டோம். தெற்கே பார்த்து, மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, இருக்கன்குடிக்கு நடக்கிறவர்கள் ஓரத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் வடக்கே போக வேண்டும். மதுரைப் போர்டில் கிலோமீட்டர் எழுதியிருந்தது. அவரும் பார்த்தார்.

வண்டியை ஓரம் கட்டினேன். "முடியாது சார்."

"முடியாது" என்று அவரும் சொன்னார். அந்த வார்த்தை மிஷின் ரூமில் கற்றதுதான்.

இறங்கி நின்றார். மகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். பெயர் வரைக்கும் போனார். அழுத்தவில்லை. பெரிய ஆள், ஆறடி. காற்றில் சட்டை படபடவென்று அடிக்க, போனைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் முன் சீட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பொண்ணு கவுனில் விரலை வைத்தார். "நீலம் தள்ளி இருக்கு" என்றார்.

"ஆமா சார். உங்க மிஷின்தான்."

சிரிக்கவில்லை. ஆனால் வண்டியில் ஏறிவிட்டார்.

எனக்குத் தெரிந்த பரோட்டாக் கடை ஒன்று மதுரை ரோட்டில் இருக்கிறது. சாயங்காலம்தான் திறப்பு. மூன்று நாற்பதுக்குப் போனபோது மாஸ்டர் கைலியோடு மாவு உருட்டிக்கொண்டிருந்தார். அடுப்பு பற்ற வைத்திருந்தது. சட்டியில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

"அஞ்சு மணிக்கு வாங்க அண்ணாச்சி."

நான்கு மணிக்கு வேண்டும் என்றேன். யாருக்கு என்றார். சொன்னேன். கையில் மாவோடு அப்படியே கேட்டார். பாவெலை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"மருதைக்கு நூறு கிலோமீட்டரு கோழி திங்கப் போறாகளா? விருதுநகர்ல இருந்துக்கிட்டு?"

நூறு இல்லை, எழுபத்தைந்து என்றேன்.

"அப்பச் சரி" என்றார். நக்கல்தான். தீயைக் கூட்டிவிட்டார்.

பாவெல் போனில் அந்தக் கடைக் கோழி படத்தைக் காட்டினார். மேலே செதில் செதிலாக மாவு நிற்க வேண்டும். மாஸ்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எண்ணெய்க் கைரேகை போன் பூராவும். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, மாவைத்தான் ரெண்டு தரம் பூசியிருக்கிறான் என்றார். மசாலாவில் ஊறிய கோழிக் கால்களை எடுத்து, பரோட்டாவுக்கு வைத்திருந்த மைதாவில் உருட்டினார். தண்ணீரில் நனைத்தார். திரும்ப உருட்டினார். எண்ணெய் காய்ந்ததும் போட்டார். பழக்கத்தில் ஒரு கொத்து கறிவேப்பிலையும் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்குள் அது பொரிந்து கோழியில் ஒட்டிக்கொண்டது. வெங்காயமும் எலுமிச்சையும் வைக்கப் போனார். தடுத்துவிட்டேன்.

"வெங்காயம் இல்லாமக் குடுத்தேன்னு வெளிய சொல்லாதீக" என்றார்.

ஐந்து துண்டு. நூற்றைம்பது ரூபாய். பெட்டிக்குள் அளவாக உட்கார்ந்தது.

மூன்று ஐம்பத்தெட்டு. கடை வாசல் பெஞ்சு. சாய்த்து வைக்கப் பாட்டில் நிற்கவில்லை, காற்று. போனை நான் பிடித்துக்கொண்டேன். மாஸ்டர் பின்னால் நின்றார்.

ஹனா வந்தாள். முடியை இரண்டாகப் பின்னியிருந்தாள். முன்னால் சிவப்புப் பெட்டி. பின்னால் அதே நாற்காலி, அதே சுவர். மதுரை மாதிரியே இருந்தது. பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். இவரும் காட்டினார். திறந்தாள். இவரும் திறந்தார்.

அவள் எண்ணவில்லை.

முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். ஒரு கண்தான் தெரிந்தது. மெதுவாக ஏதோ கேட்டாள். பாவெல் பதில் சொல்ல ஆரம்பித்தார். நீளமாகச் சொன்னார். நடுவில் நீல நகத்தைக் காட்டினார். ரோட்டைக் காட்டினார், மாஸ்டரைக் காட்டினார். மாஸ்டர் கும்பிடு போட்டார். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பொய் சொல்லவில்லை என்பது மட்டும் புரிந்தது. பொய் சொல்ல இவ்வளவு நேரம் ஆகாது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அத்தைக்காரி பக்கத்திலிருந்து ஏதோ சொன்னாள். அதையும் கண்டுகொள்ளவில்லை. என் கை வலித்தது. மாற்றவில்லை.

பிறகு மூடியைக் காட்டி ஒன்று கேட்டாள். பாவெல் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி. இந்தப் பொண்ணு யாரு?"

இத்தனை வருஷம் அந்தப் படத்தைப் பார்க்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. "லேபிள் பொண்ணு சார். பேரெல்லாம் கெடையாது" என்றேன்.

அதைச் சொன்னார். ஹனா யோசித்தாள். பெட்டியை ஒட்டியது யார் என்று கேட்டிருக்கிறாள். அவர் முத்துலட்சுமி என்றார். அவளுக்கு முழுசாக வரவில்லை. "முத்து" என்றாள். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். மூடியில் இருந்த பொண்ணுக்குப் பெயர் வைத்தாயிற்று.

அப்புறம் மூன்று எண்ணினாள்.

பாவெல் கடித்தார். உள்ளே மசாலா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரமா வேறு ஏதாவதா என்று நான் பார்க்கவில்லை. ஹனா சிரித்துச் சிரித்துக் கோழியைக் கீழே போட்டாள். மாஸ்டர், "தண்ணி குடுங்கப்பா" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

போன் பேசி முடித்ததும் மீதியை நாங்கள் மூன்று பேரும் தின்றோம். மாவு நன்றாக நின்றிருந்தது. மாஸ்டர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, மோசமில்லை, ஆனால் இதுக்குச் சால்னா வேணும் என்றார். பாவெல் போனில் பேசி என்னிடம் நீட்டினார். போன் ரேடியோக் குரலில் சொன்னது: "என் மகள் வினவுகிறாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சிறுமி வருவாளா?"

"வருவா" என்றேன்.

திங்கட்கிழமை அவர் ஊருக்குப் போகவில்லை. மிஷின் ரூமுக்குப் போனார். லேபிள் லோடு போனது.

அதற்குப் பிறகு மதுரைக் கோழிக்கடைக்கு நாங்கள் போகவில்லை. முத்துலட்சுமி கட்டைப் புரட்டிப் புரட்டி வாரம் ஒரு முத்து எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் கண் மட்டும், ஒரு வாரம் முகம் தலைகீழாக. மாஸ்டர் நான்கு மணிக்கு எண்ணெய் காயவைக்கப் பழகிவிட்டார். ஒரு ஞாயிறு கோழியை வாங்கிக்கொண்டு ஆனைக்குட்டம் அணைக்குப் போனோம். தண்ணீர் கொஞ்சம்தான். ஹனாவுக்கு அதைக் காட்டினார். அவள் கொக்கு எண்ணினாள். கடை இல்லை, சிவப்புச் சுவர் இல்லை. அவள் அதைக் கேட்கவே இல்லை.

புரட்டாசியில் மிஷின் வேலை முடிந்தது. ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு மதுரை ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். முத்துலட்சுமி வாசலுக்கு வந்து ஒரு கட்டு கொடுத்தாள். மடித்த பெட்டி, இருபது. எல்லாம் முத்து. ஒன்றிலும் சாமி இல்லை, நானே பார்த்துவிட்டேன் என்றாள். முதலாளியும் வந்தார். பாவெல் கை கொடுத்து, "போயிட்டு வாரேன் மொதலாளி" என்றார். ஏலே போய்விட்டது. முதலாளிக்கு அது கொஞ்சம் வருத்தம் என்று எனக்குத் தோன்றியது.

கோழிக்கடைக்குப் போய்விட்டுப் போவோமா, நேரம் இருக்கிறது என்று மதுரைக்கு முன்னால் கப்பலூரில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். ஏர்போர்ட்டில் பெட்டிக் கட்டைச் சூட்கேஸில் வைக்கவில்லை. மடங்கிவிடும் என்று கையிலேயே வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி" என்றார். "சார்" என்றேன். உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது வண்டி காலி. ஊர் விட்டு ஊர் போனவன் தெரிந்த கடையைத் தேடுவான். நானும் லோடு கொண்டு சூரத் போனபோது பரோட்டாப் போர்டு தேடி அலைந்திருக்கிறேன். அது வயிற்றுக்கு என்றுதான் அப்போது நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு மல்லாங்கிணற்றுக்கு ஒரு கல்யாணச் சவாரி. மண்டபத்தில் இறக்கிவிட்டு ரோட்டோரக் கடையில் டீ சொன்னேன். பத்து ரூபாய். வடை எட்டு ரூபாய். மணி நான்கு. போன் அடித்தது.

சிவப்புச் சுவர். பாவெல். பக்கத்தில் ஹனா, அவர் தோளில் சாய்ந்துகொண்டு. கடைக்காரன் கொடுத்த பெட்டி ஒரு ஓரமாகக் காலியாகக் கிடந்தது. கோழி முத்து பெட்டியில் இருந்தது. அவள் அதைத் தூக்கிக் காட்டினாள். நீலம் தள்ளித்தான் இருந்தது.

அப்பனைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, "அண்ணாச்சி, சாப்பிட்டீகளா?" என்றாள்.

பெட்டி இல்லை. கையில் இருந்த வடையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் எண்ண ஆரம்பித்தாள். மூன்றாவது எண் எது என்று எனக்கு இப்போது தெரியும். அதில் கடித்தேன்.